பழைய தண்ணீர் டேங்க் பாரம்பரியச் சின்னம் ஆகுமா? தாம்பரம் முதல் டாலா வரை ஒரு பார்வை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். “தண்ணி டேங்க் வரும், அங்க லெஃப்ட் எடுங்க” என்று பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு. கூகுள் மேப் வருவதற்கு முன்பே புறநகரின் அடையாளக் குறியாக நின்றவை இந்தத் தொட்டிகள். கோரிக்கை நிறைவேறாவிட்டால் அதன் உச்சியில் ஏறிப் போராட்டம் நடத்துவதும் தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிக்கடி வருவதுதான். ஆனாலும் அது ஒரு ‘கட்டடம்’ என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. விரிசல் விட்டால் இடிப்பார்கள், பக்கத்திலேயே புதிதாக ஒன்று எழும். அவ்வளவுதான்.

கோயில், கோட்டை, அரண்மனை என்றால் பாரம்பரியம். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தத் தகுதி உண்டா? உண்டு என்றால் எதை வைத்து முடிவு செய்வது? ஆபத்தான நிலையில் நிற்கும் பழைய தொட்டியை என்ன செய்வது?

தொட்டி ஏன் உயரத்தில் நிற்கிறது?

குழாயில் தண்ணீர் வேகமாக வர அழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தைத் தருவது உயரம். தோராயமாக 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால், கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டி அகலமாக இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இரண்டாவது காரணம் நேரம். ஊரே காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில்தான் குழாயைத் திறக்கிறது. அந்த உச்சத் தேவைக்கு ஏற்ற பெரிய பம்பு வாங்கினால் மற்ற நேரங்களில் அது சும்மா கிடக்கும். சிறிய பம்பு இரவெல்லாம் ஓடித் தொட்டியை நிரப்பினால், காலையில் புவியீர்ப்பு விசையே விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளும். கரன்ட் போனாலும் தொட்டியில் இருப்பது வரை தண்ணீர் வரும்.

மலை இருக்கும் ஊரில் தொட்டிக்குக் கால் தேவையில்லை. மும்பைக்கு மலபார் ஹில் கிடைத்தது, கொழும்புக்கு மாளிகாகந்த மேடு கிடைத்தது. சென்னை நகரமோ ஏறக்குறைய தட்டையான கடற்கரைச் சமவெளி. அதனால் இங்கே மனிதர்களே உயரத்தைக் கட்ட வேண்டியிருந்தது.

தாம்பரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் என்ன தொடர்பு?

தாம்பரம் வளர்ந்த கதையில் ரயிலுக்குப் பெரிய இடம் உண்டு. நீராவி ரயிலின் கதையோ தண்ணீர் இல்லாமல் நகராது.

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் மின்மயமான முதல் ரயில் பாதை இதுதான். மின்கம்பி தாம்பரத்தோடு நின்றது. அதற்குத் தெற்கே செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி என்று போக வேண்டுமானால் நீராவி எஞ்சின்தான். மின்சாரமும் நீராவியும் கைமாறும் எல்லையாகத் தாம்பரம் இருந்தது.

நீராவி எஞ்சின் நிலக்கரியைத் தின்பதைவிடத் தண்ணீரைக் குடிப்பது அதிகம். ஸ்டேஷனில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் ஆயிரக்கணக்கான லிட்டரை நிரப்பியாக வேண்டும். உயரத்தில் பெரிய தொட்டி, அதிலிருந்து தடிமனான குழாய், தண்டவாளத்தின் ஓரத்தில் ‘வாட்டர் காலம்’ எனப்படும் வளைந்த கழுத்துள்ள இரும்புக் குழாய் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது முடியும். எஞ்சின் மாற்றும் ஊர் எதுவும் இந்த ஏற்பாடு இல்லாமல் இயங்கியிருக்க முடியாது.

1967இல் கடற்கரை–தாம்பரம் பாதை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறியது. மின்மயமாக்கல் விழுப்புரம் வரை நீண்டது. 2004இல் புறநகர் மீட்டர் கேஜ் ரயிலும் விடைபெற்றது. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊட்டிய தொட்டிகளுக்கு நாடு முழுவதும் வேலை இல்லாமல் போனது. சில இடங்களில் அவை ஸ்டேஷனின் குடிநீர்த் தேவைக்கு மாற்றப்பட்டன. பல இடங்களில் பழைய இரும்பு விலைக்குப் போயின.

மூன்று தொட்டி, மூன்று காலம்

தொட்டியின் வடிவத்தைப் பார்த்தே அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

*இரும்புப் பெட்டி:* கல் அல்லது செங்கல் மேடையின் மீது, இல்லாவிட்டால் இரும்புத் தூண்களின் மீது செவ்வகத் தொட்டி. ஒரே அளவிலான தகடுகளைப் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் பெருக்கல் குறி போல ஒரு புடைப்பு தெரியும். அது அலங்காரம் கிடையாது. தண்ணீர் தள்ளும்போது தகடு வளையாமல் இருக்கத்தான் அந்த மடிப்பு. நான்கடிக்கு நான்கடி தகடுகள் என்பதால் ரயிலில் ஏற்றிவந்து எந்த ஊரிலும் பொருத்தலாம், வேறு ஊருக்குக் கழற்றியும் போகலாம். ரயில்வே வளாகங்களில் இன்றும் கண்ணில் படும் வடிவம் இது.

*இன்ட்ஸ் தொட்டி:* தமிழ்நாட்டில் ‘வாட்டர் டேங்க்’ என்றதும் பலரின் மனதில் வரும் உருவம். மேலே வட்டமான உடல், கீழே புனல் போலச் சரியும் பகுதி, அதைத் தாங்கும் கான்கிரீட் தூண்கள். ஜெர்மனியின் ஆஹன் நகரப் பேராசிரியர் ஓட்டோ இன்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய உத்தி இது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு விஷயம் இதில் உண்டு. தொட்டியின் அடித்தளம், சோடா பாட்டிலின் அடிப்பகுதி போல, உள்நோக்கி மேலே குவிந்திருக்கும். தண்ணீரின் எடை அந்தக் குவிமாடத்தை அழுத்தும்போது அது வெளிப்பக்கமாகத் தள்ளும். சரிவான புனல் பகுதி அதே இடத்தில் உள்பக்கமாகத் தள்ளும். இரண்டும் சந்திக்கும் வளையத்தில் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. குறைந்த சிமென்ட், குறைந்த கம்பி, நிறையத் தண்ணீர். நிதி குறைவான உள்ளாட்சிகளுக்கு இது பொருத்தமாக அமைந்தது.

*கருப்பு பிளாஸ்டிக் டேங்க்:* மூன்றாவது தொட்டி உங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. பொதுக் குழாயில் மாடி ஏறும் அளவுக்கு அழுத்தம் இல்லை, 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. அதனால் கீழே சம்ப், ஒரு மோட்டார், மேலே 1,000 லிட்டர் டேங்க். ஊருக்கே பொதுவாக இருந்த உயரத்தை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக விலை கொடுத்து வாங்கிவிட்டது என்று சொல்லலாம். பொதுத் தொட்டி கண்ணில் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழ்ப்பாக்கம்: சென்னை குழாயைத் திறந்த கதை

சென்னையின் குடிநீர் வரலாற்றில் உயரத்துக்கு உள்ள மதிப்பைப் புரிந்துகொள்ளக் கீழ்ப்பாக்கம் போதும்.

1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த மண் கால்வாய் வழியாகத் தண்ணீர் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அங்கே கட்டப்பட்ட கல்கட்டு நீர்க்கூண்டில் இருந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் நகருக்குள் பிரிந்தன. முழுவதும் புவியீர்ப்புதான், பம்பு கிடையாது. தண்ணீர் சுத்திகரிக்கப்படவும் இல்லை. திறந்த கால்வாயில் என்னென்ன சேர்ந்ததோ அதுவும் சேர்ந்தே வீடு வரை வந்தது. அழுத்தமும் குறைவு.

இதை மாற்றியவர் மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளராக இருந்த ஜே.டபிள்யூ. மேட்லி. தி.நகர் மேட்லி ரோடு அவர் பெயரில் இருப்பதுதான். 1914க்குள் செங்குன்றத்திலிருந்து மூடிய கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் 14 மெதுமணல் வடிகட்டிகள், நிலத்தடியில் தூய நீர்த் தொட்டிகள், நீராவி பம்பு நிலையம், எஃகாலான மேல்நிலைத் தொட்டி, நகரம் முழுக்கப் புதிய குழாய் வலை என ஒரு முழு அமைப்பு உருவானது. 1961இல் இருக்கக்கூடிய மக்கள்தொகை 6.6 லட்சம் என்று கணித்து வடிவமைத்தார்கள். நகரம் அந்தக் கணக்கைத் தாண்டி ஓடியது வேறு கதை.

இந்தப் பட்டியலில் மேல்நிலைத் தொட்டி ஒரு வரிதான். ஆனால் அது இல்லாமல் வடிகட்டிய தண்ணீர் போதிய அழுத்தத்தோடு வீடுகளை அடைந்திருக்காது. ஒரு தொட்டியைத் தனியாக எடுத்து ‘அழகாக இருக்கிறதா’ என்று கேட்டால் அதன் மதிப்பு பிடிபடாது. ஏரி, கால்வாய், வடிகட்டி, பம்பு, தொட்டி, குழாய் என்ற சங்கிலியில் ஒரு கண்ணியாகப் பார்த்தால்தான் புரியும்.

டாலா தொட்டி: 100 ஆண்டு தாண்டியும் வேலையில்

பழைய தொட்டியைப் பயன்படுத்திக்கொண்டே காப்பாற்ற முடியுமா? இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது: வட கொல்கத்தாவின் டாலா தொட்டி.

சென்னையைப் போலவே கொல்கத்தாவும் தட்டையான ஊர். 1909 நவம்பரில் அடிக்கல் நாட்டி, 1911 மே மாதம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தரையிலிருந்து சுமார் 110 அடி உயரம். ஒவ்வொரு பக்கமும் 321 அடி. கொள்ளளவு 90 லட்சம் கேலன், அதாவது 4 கோடி லிட்டருக்கும் மேல். அமைப்புக்குப் பயன்பட்ட எஃகு சுமார் 8,500 டன். சதுர வடிவ மைதானம் ஒன்றைத் தூக்கித் தூண்கள் மேல் வைத்தது போல இருக்கும்.

இதன் சாமர்த்தியம் பிரம்மாண்டத்தில் மட்டும் இல்லை. தொட்டியை உள்ளே நான்கு அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு அறையை வடித்துச் சுத்தம் செய்யலாம், பழுது பார்க்கலாம், மற்ற மூன்றும் ஊருக்குத் தண்ணீர் தந்துகொண்டிருக்கும். பராமரிப்பு என்பது வடிவமைப்பிலேயே இருந்தது. 1934 பீகார் நிலநடுக்கத்தையும் இரண்டாம் உலகப் போரையும் கடந்து அது நின்றது. சமீப ஆண்டுகளில் அந்தப் பழைய அறைப் பிரிப்பைப் பயன்படுத்தியே, விநியோகத்தை நிறுத்தாமல் கொல்கத்தா மாநகராட்சி புனரமைப்புப் பணியைச் செய்தது. அதற்கு ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பொறியாளர்களின் ஆலோசனை உதவியது.

சரி, ‘பாரம்பரிய மதிப்பு’ என்று எதைச் சொல்கிறார்கள்?

தொழிற்சாலை, ரயில், நீர்விநியோகம் போன்ற இடங்களைத் ‘தொழில்துறைப் பாரம்பரியம்’ என்கிறார்கள். 2003இல் ரஷ்யாவின் நிஷ்னி தகில் நகரில் ஏற்கப்பட்ட சாசனமும், 2011இன் டப்ளின் கோட்பாடுகளும் இதற்கான சர்வதேச வழிகாட்டிகள். அவற்றின் சாரத்தைத் தொட்டிக்குப் பொருத்தினால் ஐந்து கேள்விகள் வரும்:

• *தொழில்நுட்பம்:* அந்தக் காலத்தின் புதிய உத்தி ஏதாவது இதில் இருக்கிறதா? அதே வகையில் வேறு எத்தனை மிச்சம்?

• *சமூக வரலாறு:* இந்தப் பகுதிக்குப் பொதுக் குழாய் எப்போது வந்தது, யாருக்கு முதலில் வந்தது என்பதற்கு இது சாட்சியா?

• *முழுமை:* தொட்டி மட்டும் நிற்கிறதா, பம்பு அறை, கிணறு, வால்வு எல்லாம் சேர்ந்து இருக்கிறதா?

• *அடையாளம்:* ஊர்க்காரர்கள் இதை வைத்து இடத்தைச் சொல்கிறார்களா?

• *பயன்:* இன்னும் வேலை செய்கிறதா? இல்லை என்றால் வேறு வேலைக்கு மாற்ற முடியுமா?

சமூக வரலாறு என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊரில் தொட்டி எங்கே நிற்கிறது, அதிலிருந்து குழாய் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருவுக்குத் தனித் தொட்டி என்பதெல்லாம் கான்கிரீட்டில் எழுதப்பட்ட சமூக வரைபடம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் வசிக்கும் பகுதிக்கான மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது நாட்டையே உலுக்கியது. தொட்டி வெறும் சிமென்ட் உருளை என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பாடம்.

வெளிநாடுகளில் இந்த அங்கீகாரம் புதிதல்ல. 1869இல் கட்டிய சிகாகோ நீர்க்கோபுரம் 1871இன் பெருந்தீயிலும் தப்பி நின்றது. இன்றும் அந்த நகரத்தின் சின்னங்களில் ஒன்று அது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம் தன் பழைய நீர்க்கோபுரங்கள், கால்வாய்கள், பம்பு நிலையங்கள் எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக முன்வைத்து 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய தொல்லியல் சட்டம் 1958இன்படி, நினைவுச் சின்னமாக அறிவிக்கக் குறைந்தது 100 ஆண்டு பழமை வேண்டும். நீராவிக் காலத்தின் பிற்பகுதித் தொட்டிகளும், சுதந்திரத்துக்குப் பின் வந்த பஞ்சாயத்துத் தொட்டிகளும் இதில் அடங்காது.

சென்னையைப் பொறுத்தவரை 2010 முக்கியமான ஆண்டு. அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில், அதை இடிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி இ.பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியலும் அப்போது பேசப்பட்டது. சிஎம்டிஏவின் கீழ் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு செயல்படத் தொடங்கியதும் அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சிதான். 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது.

பாதுகாக்க வழி இருக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் பட்டியலில் இருப்பதைத்தான் காப்பாற்றும். தண்ணீர்த் தொட்டி, பம்பு அறை, வாட்டர் காலம் போன்றவற்றைத் தேடிப்போய்ப் பதிவு செய்தால்தான் அவை பட்டியல் என்ற வாசலையே எட்டும்.

ஆபத்தான தொட்டியை என்ன செய்வது?

இங்கேதான் விவாதம் சூடாகிறது. பழைய கான்கிரீட் தொட்டியில் ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கீழே பள்ளி, அங்கன்வாடி, டீக்கடை இருந்தால் ‘பாரம்பரியம்’ என்று சொல்லி அதை அப்படியே விட முடியாது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் சேதமான மேல்நிலைத் தொட்டிகள், தாங்கும் பகுதியின் வலிமை எவ்வளவு முக்கியம் என்று காட்டின.

ஆனால் ‘பழையது, அதனால் இடி’ என்பதும் பொறியியல் முடிவு ஆகாது. கான்கிரீட்டின் வலிமையை உடைக்காமலே அளக்கும் சுத்தியல் சோதனை, ஒலி அலைச் சோதனை போன்றவை வழக்கத்தில் உள்ளன. தூண்களுக்கு மேலுறை போட்டு வலுப்படுத்தலாம். மும்பை மலபார் ஹில்லில் 19ஆம் நூற்றாண்டு நீர்த்தேக்கத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மாநகராட்சி திட்டமிட்டபோது, மரங்கள் போகும் என்று குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். நிபுணர்கள் உள்ளே இறங்கி ஆய்வு செய்தார்கள். முடிவில் இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டு, பழுதுபார்ப்பே வழியானது.

எல்லாத் தொட்டியையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் தேவையில்லை. ஒரே அச்சில் வார்த்த நூறு தொட்டிகளில் ஒன்றிரண்டு நின்றால் போதும். ஆனால் எந்த ஒன்று என்று தெரிந்துகொள்ளாமலே நூறையும் இடித்துவிட்டால், பிறகு தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது.

தாம்பரத்தில் இப்போது ஏன் இது முக்கியம்?

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என 5 பேரூராட்சிகளும் ஒன்றாயின. தனித்தனியாகக் கிணறு, பம்பு, தொட்டி வைத்துத் தண்ணீர் கொடுத்த பத்து ஊர்கள் ஒரே குடிநீர் அமைப்பை நோக்கி நகர்கின்றன.

இந்த மாற்றத்தில் பழையவை போகும், புதியவை வரும். அது தவிர்க்க முடியாதது. ஆனால் பல பழைய தொட்டிகளின் உடம்பில் ஒரு தகவல் பலகை இருக்கிறது. கட்டிய ஆண்டு, கொள்ளளவு, திட்டத்தின் பெயர், ஊராட்சியின் பெயர். 1971இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் காலம் முதல் இன்றைய ஜல் ஜீவன் வரை, அரசு தண்ணீரை எப்படிப் பார்த்தது என்பதன் சுவரெழுத்து அது. மாநகராட்சிக்குள் கரைந்துபோன பேரூராட்சியின் பெயர் கடைசியாக எஞ்சியிருக்கும் இடம்கூட ஒருவேளை அந்தத் தொட்டியாகவே இருக்கலாம்.

செலவே இல்லாத முதல் வேலை ஒன்று உண்டு. இடிப்பு டெண்டருக்கு முன்பு ஒரு பதிவு: நான்கு பக்கப் படங்கள், அளவு, வரைபடம், கல்வெட்டு வாசகம், எந்தக் கிணற்றிலிருந்து நிரம்பியது, எந்தத் தெருக்களுக்குப் போனது, வால்வு திறந்த ஊழியர்களின் நினைவுகள். ஜெர்மன் தம்பதி பெர்ன்ட், ஹில்லா பெஷர் பல பத்தாண்டுகள் நீர்க்கோபுரங்களை ஒரே கோணத்தில், ஒரே மாதிரி வெளிச்சத்தில் படமெடுத்தார்கள். அந்தப் படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கோபுரங்களில் பல இப்போது இல்லை.

பதிவுக்குப் பெரிய கேமரா வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். ரயில்வே, கல்லூரி, மருத்துவமனை வளாகங்களுக்குள் மட்டும் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். ஏணியில் ஏற வேண்டாம், தரையிலிருந்தே எடுக்கலாம். அடுத்த முறை ‘டேங்க்கிட்ட லெஃப்ட்’ திரும்பும்போது அதன் மேல் எழுதியிருக்கும் ஆண்டைப் படித்துவிட்டுத் திரும்புங்கள்.